ஓடு

ஆகஸ்ட் கடைசி வாரம், பாப்பே ஏரிக்கரை.
கூரை ஓடுகளின் அடியிலிருந்து
ஒவ்வொன்றாய் வழுக்கி இறங்கின வௌவால்கள்.
ஒன்றின் எடை ஏழு கிராம்.
எஸ்தோனியாவிலிருந்து வந்து
லாட்வியாவில் ஒரு பகல் உறங்கி
கடலோரமாகவே பிரான்சு வரை போகின்றன.

அவற்றின் குரலை எண்ணித் தரும் நிரல்
மூலையில் உள்ள ஒரே ஒரு கணினியில்தான் ஓடும்.
மூன்று வருடமாக அதை யாரும் அணைத்ததில்லை.
'தொடாதே' என்று மேலே ஒரு சீட்டு.
அதன் கீழே விஸ்மாவின் கையெழுத்தில்:
'நீயும்தான், ராய்டிஸ்.'
ராய்டிஸ் நான்.

நிரலை எழுதிய குந்தார்ஸ் இப்போது அயர்லாந்தில்
ஒரு காளான் பண்ணைக்குக் கணக்குப் பார்க்கிறான்.
'என் கணினியில் ஓடுகிறதே' என்று எப்போதும் சொல்பவன்
அந்தக் கணினியையே எங்களிடம் விட்டுப் போயிருந்தான்.
போன வாரம் அதன் விசிறி இருமத் தொடங்கியது.

அவனிடமிருந்து பதினோரு வரி வந்தது.
இந்த லினக்ஸை எடு,
இந்தப் பழைய பைத்தானைப் போடு,
புதிதாக எதையும் சேர்த்துவிடாதே.
கடைசியில்: கன்டெய்னர்தான், பயப்படாதே.

கறுப்புத் திரை. துடிக்கும் ஒரு கோடு.
அழுத்துவதற்கு 'சரி' என்றொரு பொத்தான்கூட இல்லை.
இரவு பதினொன்றேகால்.
டாக்கர் ரன் என்று தட்டினேன்.
'அப்படி ஓர் இமேஜ் இங்கே இல்லை' என்றது,
பிறகு நான் கேட்காமலே
எங்கிருந்தோ இழுத்து வந்து வணக்கம் சொன்னது.
சொன்ன கையோடு செத்தும் போனது.

எனக்கு அது புரியவில்லை.
எட்டு முறை மறுபடி ஓடவிட்டேன்.
ஓடுகிறவை எவை என்று கேட்டால்
தலைப்பு வரி மட்டும், கீழே வெறுமை.
எல்லாவற்றையும் காட்டு என்றால்
ஒன்பது பிணங்கள்,
ஒவ்வொன்றுக்கும் நான் வைக்காத ஒரு பட்டப்பெயர்.
'சொன்ன வேலை முடிந்தது, போய்விட்டது.
அது கோளாறு இல்லை' என்றான் குந்தார்ஸ் போனில்.

நத்தைக்கு ஓடு. முட்டைக்கு ஓடு.
நான் வரி தட்டும் இந்த இடத்துக்கும்
ஷெல் என்றுதான் பெயராம்.
ஓர் ஓட்டுக்குள் குந்திக்கொண்டு
ஓடு என்கிறேன்.
இன்னோர் ஓடு ஓடுகிறது.

மறுநாள் விஸ்மாவின் மடிக்கணினியில்
நிரல் எழுந்து நின்றது.
மூன்று இரவுகள் அதனுள்ளேயே இருந்தேன்,
குரல் குரலாகக் கேட்டு
நிரல் தவறாகச் சூட்டிய இனப்பெயர்களைத் திருத்தியபடி.
ஆயிரத்து நானூற்றுச் சொச்சம்.
நான்காம் நாள் விடியலில்
எக்ஸிட் என்று தட்டிவிட்டுப் பல் துலக்கப் போனேன்.

குந்தார்ஸ் கொடுத்த வரியை அப்படியே நகல் எடுத்திருந்தேன்.
நடுவில் இரண்டு சிறுகோடு, இரண்டு எழுத்து:
வெளியேறியதும் அழித்துவிடு என்று பொருள்.

பிணம்கூட இல்லை இம்முறை.

விஸ்மா திட்டவில்லை. கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.
'ஒலிப்பதிவு அட்டை?'
'இருக்கிறது.'
'அப்படியானால் வௌவால் ஒன்றும் தொலையவில்லை.
உன்னுடைய மூன்று இரவு, அவ்வளவுதான்.'
ஆறுதலா குத்தலா,
தேநீர் ஆறும் வரை எனக்குத் தெரியவில்லை.

பிறகு முக்காற்புள்ளியைக் கற்றேன்.
அதற்கு இடப்பக்கம் எங்கள் கோப்புறை,
வலப்பக்கம் ஓட்டுக்குள் இருக்கும் அறை.
அந்த இரண்டு புள்ளிகளும் ஒரு கதவு.
உள்ளே எழுதினால் வெளியே தங்குகிறது.
நம்பாமல் வேண்டுமென்றே அழித்தேன்,
மறுபடி ஓடவிட்டேன். கோப்பு இருந்தது.
மறுபடி அழித்தேன். இருந்தது.
'போதும், மூன்றாவது முறை வேண்டாம்' என்றாள் விஸ்மா.

செப்டம்பர் பத்தாம் தேதி
மூலைக் கணினியின் வயரை அவளே பிடுங்கினாள்.
அறையில் அத்தனை நாளாய் ஓர் இரைச்சல் இருந்தது
அப்போதுதான் தெரிந்தது.
மேலே சத்தமில்லை. தெற்கே போய்விட்டிருந்தன.
கூரையில் உயிர் பறந்துவிட்டது, ஓடு மிச்சம்.
இங்கே நேர்மாறு.

'தொடாதே' சீட்டை மட்டும் நான் கிழிக்கவில்லை.
மடிக்கணினியில் ஒட்டப் பார்த்தேன்,
பசை காய்ந்திருந்தது.